தாயக்கட்டத்தில் ஒரு கணித வகுப்பு

இலங்கையில் 1997ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட பொதுக்கல்விச் சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியின் ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, வழிப்படுத்தப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்று கற்றல் முறைகளுக்கும் ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு அளவில் இடம் ஒதுக்கியது. முதலிரு தரங்களில் மேலோங்கி நிற்கும் விளையாட்டு, ஐந்தாந் தரத்தை எட்டும்போது மேசைவேலைக்கு, அதாவது அமர்ந்து வாசிப்பதற்கும் எழுதுவதற்கும், வழிவிட்டுவிடுகிறது. போரால் பாடங்கள் தடைப்பட்ட ஊர்களில் அந்த விளையாட்டுக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம். வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே உள்ள உடையார்கட்டு, போரின்போது 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அகப்பட்டு, மக்கள் முற்றாக இடம்பெயர்ந்து பின்னர் மீள்குடியேறிய ஊர். இத்தகைய ஊர்களில், விடுபட்ட பாடங்களை ஈடுசெய்யும் அவசரத்தோடு புலமைப்பரிசில் பரீட்சையும் சேர்ந்துகொள்ளும்போது, வகுப்பறை விளையாட்டு பெற்றோருக்கு வீண்பொழுதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அந்த ஐயத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. விளையாடுவதனால் மட்டும் பிள்ளை எதையும் கற்றுவிடுவதில்லை. உளவியலாளர்களான ரொபேட் சீக்லரும் கீதா ரமணியும் ஐக்கிய அமெரிக்காவின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த முன்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு சாராருக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையும், மறுசாராருக்கு எண்களுக்குப் பதில் நிறங்கள் தீட்டிய பலகையும் கொடுத்து, இரண்டு வாரங்களுக்குள் நான்கு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம் அளவில் விளையாடச் செய்தபோது, எண் பலகையில் ஆடியவர்களின் எண்ணறிவு முன்னேறியது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. இரு விளையாட்டுகளும் ஏறக்குறைய ஒன்றே, பலகையில் இருந்தது மட்டுமே வேறு. நூறு கட்டப் பலகையைக் கொண்டு பின்னர் நடந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது: 23ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் “ஒன்று, இரண்டு” என்று எண்ணி நகர்வதைவிட, “இருபத்து நான்கு, இருபத்தைந்து” என்று சொல்லி நகர்வதே பயன் தந்தது. நம் வீடுகளில் பாம்பும் ஏணியும் விளையாடும்போது பெரும்பாலும் முதல் முறைதான் கைக்கொள்ளப்படுகிறது.

அந்தப் பாம்பும் ஏணியும் விளையாட்டின் பழைய வடிவமான பரமபத சோபனத்தில் புண்ணியம் ஏற்றியும் பாவம் இறக்கியும் விடுகின்றன. அதே பலகை பிரித்தானியாவுக்குச் சென்று, காலப்போக்கில் நன்மை தீமைகளை இழந்து வெறும் எண் விளையாட்டாகித் திரும்பியது. ஒரு விளையாட்டு எதைக் கற்பிக்கும் என்பதை அதன் விதியும் அமைப்பும் தீர்மானிப்பதால், அவற்றை மாற்றத் தெரிந்த ஆசிரியருக்குக் கடையில் வாங்கும் சாதனம் கட்டாயமில்லை.

வன்னியில் இதற்குத் தாயம் நல்ல உதாரணம். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சீமெந்துத் தரையில் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டினால், ஒவ்வொன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழ, மொத்தம் 16 சேர்க்கைகள் உருவாகின்றன. ஒன்று மட்டும் வெள்ளையாக விழும் வகை 4, இரண்டு வெள்ளை விழும் வகை 6, நான்கும் வெள்ளையாக விழும் வகை 1. ஒரு நிகழ்வு நேரக்கூடிய அளவைக் குறிக்கும் நிகழ்தகவு என்னும் கணிதப் பகுதியின் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் மாணவர்கள் நூறு தடவை உருட்டிக் கரும்பலகையில் குறித்துக்கொண்டு வந்தால், கணக்குச் சொல்லும் விகிதம் அப்படியே அமைவது அரிது. இரு பக்கமும் சமவாய்ப்புடன் விழும் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது, கையால் தேய்த்த கொட்டையோ ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கிறது. எந்தக் கொட்டை ஏன் ஒரு பக்கமாகவே விழுகிறது என்று அவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கும்போது, பாடநூலின் வரையறை சொல்லத் தவறியதை அவர்களே விளங்கிக்கொள்கிறார்கள்.

விளையாடுவதைவிட விளையாட்டை ஆக்குவது ஒரு படி கடினமானது. யஸ்மின் கஃபாய் என்னும் ஆய்வாளர் பொஸ்டன் நகரப் பாடசாலையொன்றில் நான்காந் தர மாணவர் 16 பேரைக் கொண்டு, தம்மினும் இளையோருக்குப் பின்னங்களைக் கற்பிக்கும் கணினி விளையாட்டுகளை மாதக்கணக்கில் உருவாக்கச் செய்து, அதனை 1995இல் நூலாக்கினார். பிறருக்குக் கற்பிக்கும் பொறுப்பு, தமக்கு எது விளங்கவில்லை என்பதை அவர்களையே தேடவைத்தது. இதற்குக் கணினி இன்றியமையாததன்று. குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊரின் மாணவர்கள் காலபோகத்தையும் சிறுபோகத்தையும் ஒரு பலகை விளையாட்டாக வரைய முற்பட்டால், மழை பொய்க்கும் கட்டங்கள் எத்தனை, யானை புகும் கட்டம் அறுவடைக்கு எவ்வளவு முன்னால், குளத்தில் எவ்வளவு நீர் இருந்தால் சிறுபோகம் செய்யலாம் என்ற கேள்விகளுக்கு விடை கண்டே தீரவேண்டும். அதற்கு வீட்டிலுள்ள கமக்காரரிடம்தான் போகவேண்டியிருக்கும். ஏணிகள் மிகையாகிவிட்டால் ஆட்டம் சலிக்கும், பாம்புகள் மிகையாகிவிட்டால் எவரும் முடிவை எட்டார். ஆகவே ஆடிப்பார்த்துத் திருத்துவதும் வேலையின் ஒரு பகுதியாகிறது.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும் என்பதே பெரிய தடை. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆட்டத்தை முழுவதும் ஆடி முடிக்க விடாமல், பாதியில் நிறுத்தி, “ஏன் அந்தக் காயை நகர்த்தினாய்?” என்று கேட்பதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கும் ஆசிரியரே அந்த நேரத்தைப் பாடமாக்குகிறார், அக்கேள்வி கேட்கப்படாத வகுப்பைப் பார்த்துப் பெற்றோர் முணுமுணுத்தால் அதை மறுப்பது கடினம்.