மகள் மாளிகையில், தாய் எங்கே?

பலெர்மோவில் வயா ரோமாவால் வந்து உள்ளுக்குத் திரும்பினால் குரோச்சே தேய் வெஸ்ப்ரி சதுக்கம் வரும். அங்கே இருக்கிற வல்குவர்னேரா-கான்ஜி மாளிகையில்தான் லுக்கினோ விஸ்கொந்தியின் 'இல் கத்தோபார்தோ' படத்தின் புகழ்பெற்ற நடன விருந்து எடுக்கப்பட்டது. 1963இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம் அது. இந்த ஊரில் பிறந்த ஜுசெப்பே தோமாசி தி லாம்பெதூசா எழுதி, அவர் இறந்த பிறகு 1958இல் வெளியான நாவல்தான் அதற்கு மூலம். 2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸ் இதைத் தொடராகவும் வெளியிட்டது. எங்கட பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆஞ்சேலிகாவின் உடுப்பு, நடை, அழகு என்று ஒரே கதை.

எனக்கு ஆஞ்சேலிகாவின் தாயைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

கதை 1860களில் நடக்கிறது. பழைய பிரபுக் குடும்பம் சரிகிறது. காணி வாங்கிச் சேர்த்த தொன் கலோஜெரோ செதாரா எழும்புகிறார். அவரின் மகள் ஆஞ்சேலிகா. பிளாரன்ஸில் படிக்க விட்டு, பேச்சையும் நடையையும் திருத்தி எடுத்த பிள்ளை. இளவரசரின் மருமகன் தன்கிரேதியைக் கட்டுவதற்கு நிச்சயமாகி, பலெர்மோவின் பெரிய மாளிகைக்குள் நுழைகிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தாய் பஸ்தியானா மட்டும் எந்த விருந்துக்கும் வருவதில்லை. உடம்பு சரியில்லை என்பது சாக்கு. உண்மை என்னவென்றால், அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, மணிக்கூடு பார்க்கத் தெரியாது, நாலு பேருக்கு முன்னால் கதைக்கத் தெரியாது. அதனால் புருசன் வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார். விடியற்காலை முதல் பூசைக்கு, கோயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மட்டும் போய் வருவாள்.

கலோஜெரோ என்ன, பெரிய நாகரிகக்காரரா? இல்லை. இளவரசரின் வீட்டு விருந்துக்கு ஒழுங்காகத் தைக்காத கோட்டோடு வந்து நிற்கிறார். எல்லாரும் மனதுக்குள் சிரிக்கிறார்கள். ஆனாலும் அவருக்குக் கதிரை போடுகிறார்கள், ஏனென்றால் கையில் காசு இருக்கிறது. பட்டிக்காட்டுத்தனம் இரண்டு பேரிலும் இருக்கிறது. அது ஆம்பிளையில் இருந்தால் சிரித்துவிட்டு விடலாம், பொம்பிளையில் இருந்தால் கதவைப் பூட்ட வேணும். வர்க்கம் மாறுகிற கதைகளில் இந்தக் கணக்கை நாங்கள் கவனிப்பதே இல்லை.

பெர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகமும் இப்படித்தான். 1913இல் மேடையேறியது, பிறகு 'மை ஃபேர் லேடி' என்று இசை நாடகமாகவும் படமாகவும் வந்தது. பூ விற்கிற எலைசாவின் பேச்சைத் திருத்திப் பெரிய இடத்துப் பெண்ணாக்குகிறார் ஒரு பேராசிரியர். எலைசாவின் தகப்பன் வருகிறார், காசு கேட்கிறார், கடைசியில் தானும் வசதிக்காரர் ஆகிறார். தாய் கதையிலேயே இல்லை.

மகள்மாருக்கும் இது முழு வெற்றி இல்லை. 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி' படத்தில் எலைசாவாக நடித்தவர் ஆட்ரி ஹெப்பர்ன். பாட்டுகளில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். ஆஞ்சேலிகாவாக நடித்த கிளாவ்டியா கார்டினாலே துனிசில் பிறந்தவர், சிசிலியில் இருந்து அங்கே புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். எங்கட பிள்ளைகளைப் போல என்றே சொல்லலாம். 'இல் கத்தோபார்தோ' இத்தாலியப் பதிப்பில் கேட்பது அவருடைய குரல் இல்லை. கரகரத்த குரல், பிரெஞ்சு வாடை என்று வேறொருவரைப் பேச வைத்தார்கள். அதே 1963இல் பெலினி தன் '8½' படத்தில்தான் அவரைச் சொந்தக் குரலில் பேச விட்டார். முகம் வேணும், குரல் வேண்டாம் என்பது புலம்பெயர்ந்தவர்களுக்குப் புதுசான செய்தி இல்லை.

இப்ப எங்கட வீடுகளுக்கு வருவோம். நான் இந்த ஊரில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவள். என்னைப் போல எத்தனையோ தாய்மார் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் இத்தாலியன் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. சினோராமாரின் குசினியிலும், பல்லாரோ சந்தையில் மீனுக்கு விலை பேசியும் படித்தது. அதால் எங்கட வாயில் வருவது பாதி சிசிலியன். பிள்ளைகள் பேசுவது பள்ளிக்கூட இத்தாலியன். "அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ, அது தெருப் பேச்சு" என்று திருத்துவார்கள். எலைசாவின் பேச்சைத் திருத்தப் பேராசிரியர் வந்தார். எங்களுக்கு வீட்டிலேயே ஒரு பேராசிரியர் பிறந்துவிடுகிறார்!

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகப் பட்டம் எடுத்தது. தலையில் லாரெல் மாலை, கையில் பூங்கொத்து. தகப்பன் கோட் போட்டு, தெரிந்த இத்தாலியனில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். தாய் வரவில்லை. "நான் வந்து என்னத்தைக் கதைக்கிறது, நீங்க போட்டு வாங்கோ" என்று பின்னேர விருந்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வீட்டில் நின்றுவிட்டார். அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. வாங்கோ என்று யாரும் இழுத்துக்கொண்டு போகவும் இல்லை.

2012இல் தமிழிலும் வந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் தாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போக மகள் வெட்கப்படுவாள். அந்த இடத்தில் எங்கட வீடுகளில் கண் கலங்காத ஆள் இல்லை. பஸ்தியானாவைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய படம் அது, நல்ல படம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஸ்ரீதேவி நாலு கிழமையில் ஆங்கிலம் படிக்காமல் விட்டிருந்தால்? அந்த மரியாதை கிடைத்திருக்குமா? மாறிக் காட்டினால்தான் மதிப்பு என்றால், அது ஷோவின் பேராசிரியர் வைத்த அதே பரீட்சைதான்.

பிள்ளைகள் மேலே போவதில் பிழை ஒன்றும் இல்லை. அதுக்காகத்தானே நாங்கள் இந்த வேலை செய்தது. ஆஞ்சேலிகாவிலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விஸ்கொந்தி ஒரு வேலை செய்திருக்கிறார்: பஸ்தியானா ஒரு சின்னக் காட்சியில் தெரிவாள், அந்த வேடத்தையும் கார்டினாலேக்கே கொடுத்தார். மாளிகைக்குள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற முகமும், வீட்டுக்குள் மறைத்து வைத்த முகமும் ஒன்றுதான்.

அதால் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒன்று கேட்கிறேன். பட்டமளிப்புக்கு, ஆசிரியர் சந்திப்புக்கு, உங்கட வேலையிடத்து விருந்துக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கோ. ஆக்களுக்கு முன்னால் அவரின் பேச்சைத் திருத்தாதேங்கோ. தகப்பன்மாரே, கேள்வி மனிசியிடம் கேட்கப்பட்டால் பதிலை அவரே சொல்லட்டும். தாய்மாரே, ரோல்ஸை முதல் நாளே சுற்றி வைக்கலாம். சேலையைக் கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் இருங்கோ.