கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம், வழக்குக்குத் தாமதம் வேண்டாம்

2018 அக்டோபர் 29 காலையில் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. அதிலிருந்த 189 பேரும் இறந்தார்கள். துக்கம் ஆறும் முன்பே குடும்பத்தாரிடம் ஒரு தாள் நீட்டப்பட்டது. உள்நாட்டு விமான விபத்தில் இறப்பவருக்கு இந்தோனேசிய விதி நிர்ணயித்த இழப்பீடு 125 கோடி ருப்பியா, நம் பணத்தில் அன்று சுமார் 60 லட்சம் ரூபாய். அதைப் பெற வேண்டுமானால் விமான நிறுவனம், காப்பீட்டாளர், விமானத்தைத் தயாரித்த போயிங் என எவர் மீதும் இனி வழக்குத் தொடர மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். சம்பாதித்துப் போட்டவரை இழந்த சில வீடுகள் கையெழுத்துப் போட்டன. சில வீடுகள் மறுத்தன.

விமானத்துக்குள் என்ன நடந்தது என்ற முழு விவரம் அப்போது வெளிவந்திருக்கவில்லை. முதல் சந்தேகம் வழக்கம்போல விமானிகள் மேல்தான் விழுந்தது. ஆனால் கோளாறின் வேர் வடிவமைப்பில் இருந்தது.

அந்த விமானத்தின் ரகமான போயிங் 737 மேக்ஸில் பழைய 737-ஐவிடப் பெரிய எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அவை இறக்கைக்கு முன்னே தள்ளியும் உயர்த்தியும் வைக்கப்பட்டதால், சில நிலைகளில் விமானத்தின் மூக்கு கூடுதலாக மேலெழும்பப் பார்த்தது. அதை ஈடுகட்ட எம்.சி.ஏ.எஸ். என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. மூக்கு அளவுக்கு மீறி ஏறுகிறது என்று கணித்தால், விமானியைக் கேட்காமலே வால்பகுதியின் கிடைமட்டச் சிறகைத் திருப்பி மூக்கைக் கீழே அழுத்தும். கணிப்பதற்கு அது நம்பியிருந்தது ஒரே ஒரு சென்சாரை. லயன் ஏர் விமானத்தில் அந்த சென்சார் சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. விமானிகள் மூக்கை மேலே இழுக்க இழுக்க, மென்பொருள் மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது.

இப்படியொரு மென்பொருள் இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. பழைய 737 ஓட்டியவர்கள் சிமுலேட்டர் பயிற்சி இல்லாமலே புதியதை ஓட்டலாம் என்பது மேக்ஸின் பெரிய விற்பனை வாக்குறுதி. புதிய கட்டுப்பாட்டு முறை என்று விளக்கினால் பயிற்சி தேவைப்படும், செலவு கூடும். சோதித்துச் சான்றளிக்க வேண்டிய அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்போ, அந்த வேலையில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. சோதனைக் கட்டத்தில் அந்த மென்பொருளின் வீச்சு பலமடங்கு கூட்டப்பட்டபோது, அதன் ஆபத்து உரிய முறையில் மறுபடி எடைபோடப்படவில்லை.

2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து எழுந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் மேக்ஸ் விமானம் ஆறே நிமிடத்தில் விழுந்து 157 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இந்தியர்கள். அந்த விமானிகளுக்கு எம்.சி.ஏ.எஸ். பற்றி ஓரளவு தெரியும். போயிங் அறிவுறுத்தியபடி வால்சிறகின் மின்விசையைத் துண்டித்தார்கள். ஆனால் வேகம் மிகுந்துவிட்டதால், வால்சிறகைத் திருப்பும் சக்கரத்தைக் கையால் சுழற்ற முடியவில்லை. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் மேக்ஸ் தரையில் நிறுத்தப்பட்டது.

இன்று அந்த மென்பொருள் இரண்டு சென்சார்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு முறைக்கு மேல் அழுத்தாது. விமானி இழுத்தால் வெல்லும் அளவுக்கு அதன் பலம் குறைக்கப்பட்டது, சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது. இந்தியா 2021 ஆகஸ்டில் மறுபடி அனுமதித்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் ஆகியவை இதே ரகத்தை இயக்குகின்றன. அதில் ஏறப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விமானத்தை இயக்குவதில் மென்பொருளின் பங்கு கூடக்கூட, விபத்தின் காரணம் விமானி அறையில் மட்டும் இராது. சென்சாரைப் பழுதுபார்த்த பட்டறையிலும், வடிவமைத்த அலுவலகத்திலும், சான்றளித்தவர் மேசையிலும் இருக்கலாம். அது வெளிவர ஆண்டுகள் ஆகும். ஆகவே பறிகொடுத்த குடும்பத்துக்கு உரிமை கோர ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு: விமான நிறுவனத்திடம் ஒன்று, தயாரிப்பாளரிடம் ஒன்று. முதல் காசோலைக்காக இரண்டாவதை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. எத்தியோப்பிய விபத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் தன்னுடையதே என்று போயிங் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2021 நவம்பரில்தான்.

விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுப்பது மான்ட்ரீல் உடன்படிக்கை. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. சர்வதேசப் பயணத்தில் பயணி இறந்தாலோ காயமுற்றாலோ, 1,51,880 எஸ்.டி.ஆர். வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி ரூபாய் வரை, நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் இழப்பை நிரூபித்தால் போதும். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. அந்தத் தொகையை உச்சவரம்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மேலும் கேட்கலாம். தன் பக்கம் அலட்சியம் இல்லை, அல்லது தவறு முழுக்க வேறொருவருடையது என்று நிரூபித்தால்தான் நிறுவனம் அந்தக் கூடுதல் தொகையிலிருந்து தப்ப முடியும்.

பலர் கவனிக்காத ஒன்று: மதுரையிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரே பயணமாகப் பதிவு செய்திருந்தால், மதுரை–சென்னைப் பகுதியும் சர்வதேசப் பயணம்தான். அதனால் டிக்கெட்டின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், அது இந்தியாவுக்கு விமானம் இயக்கி இங்கே அலுவலகம் வைத்துத் தொழில் நடத்தினால், இந்தியாவை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட பயணியின் குடும்பம் இங்கேயே வழக்குத் தொடரலாம். விமானம் விழுந்ததில் தரையில் இறந்தவர்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அவர்களுக்கு வழி பொதுச் சட்டம்.

இனிமேல் சொல்வதுதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம். விமான நிறுவனத்தின் மீதான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. தாண்டினால் உரிமையே அழிந்துவிடும். "விசாரணை அறிக்கை வரட்டும், பார்க்கலாம்" என்று உறவினர் சொல்வார்கள். எத்தியோப்பிய விபத்தின் இறுதி அறிக்கை வந்தது 2022 டிசம்பரில், ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்து. தவிர, அத்தகைய விசாரணையின் நோக்கம் மறு விபத்தைத் தடுப்பதே. யார் எவ்வளவு தர வேண்டும் என்று அது தீர்ப்புச் சொல்லாது. அறிக்கைக்குக் காத்திராமல் வழக்கைப் பதியுங்கள்.

இதற்கிடையில் வீட்டுச் செலவுக்கு முன்பணம் வாங்கலாம். பின்னால் கிடைக்கும் தொகையில் அது கழிக்கப்படும், அவ்வளவே. வாங்கும்போது "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் எந்த வரியும் இல்லாமல் பாருங்கள். புரியாத மொழியில் இருந்தால் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள்.

நுகர்வோர் மன்றங்களும் உண்டு. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்து மங்களூரில் விபத்துக்குள்ளான விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் குடும்பம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 2020-இல் அவர்களுக்கு நிர்ணயித்த தொகை வட்டி நீங்கலாக 7.64 கோடி ரூபாய். அதற்கு அடிப்படை இறந்தவரின் வருமானம். ஆகவே சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் முதல் வாரத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவரானால், அங்குள்ள நிறுவனத்திடம் கடிதம் வாங்குவது தாமதிக்கத் தாமதிக்கக் கடினமாகும்.

வழக்கறிஞரைத் தேர்வதிலும் கண் வேண்டும். லயன் ஏர் குடும்பங்கள் சிலவற்றுக்காக வாதாடிய பிரபல அமெரிக்க வழக்கறிஞர் டாம் ஜிரார்டி, அவர்களுக்குச் சேர வேண்டிய குறைந்தது 20 லட்சம் டாலரைக் கொடுக்காதது அம்பலமாகி, 2020 டிசம்பரில் சிகாகோ நீதிபதி அவரை நீதிமன்றத்தை அவமதித்தவர் என்று அறிவித்தார். துக்க வீட்டுக்குத் தேடி வரும் தரகர் மூலம் யாரையும் அமர்த்தாதீர்கள். கட்டணம் எவ்வளவு, வழக்குச் செலவு யாருடையது, சமரசத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் எந்தக் கணக்குக்கு, எந்த நாளுக்குள் வரும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.