காரின் முன் ஷாக்கை மாற்றுவோம்

மாருதி 800 கார் 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் விற்பனைக்கு வந்தது. ஹரியானா மாநிலத்தில் குர்கான் என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 2014ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது. பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் முன் ஷாக் தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யக் கூடாது. அது என்ன?

ஷாக் என்ன செய்கிறது?

முன் சக்கரத்துக்கு மேலே ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதன் மேல்பகுதியில் சுருள் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்ததை ஸ்ட்ரட் என்பார்கள். சக்கரம் குழியில் இறங்கினால் ஸ்பிரிங் துள்ளும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் அந்தத் துள்ளலை அடக்கும்.

தேய்ந்ததை எப்படி அறிவது?

காரின் முன் மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். கார் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் தேய்ந்துவிட்டது. குழாயில் எண்ணெய் வழிந்தாலும் மாற்ற வேண்டும். தேய்ந்த ஷாக்கோடு ஓட்டினால் டயர் சாலையை விட்டு எழும்பும். பிரேக் பிடித்தாலும் கார் உடனே நிற்காது.

கழற்றுவது எப்படி?

காரைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போடுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன் சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியால் காரைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். அது சரிந்துவிடலாம். இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் அடுக்கக் கூடாது. பாரம் தாங்காமல் அது நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டில் மாட்டியுள்ள பிரேக் குழாயை விடுவியுங்கள். பிரேக் குழாயில் பாரம் தொங்கக் கூடாது. அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகளை எடுங்கள். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். ஒருவர் ஸ்ட்ரட்டைக் கீழே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஓரத்தில் உள்ள சிறு நட்டுகளைக் கழற்றட்டும். ஸ்ட்ரட் முழுதாக வெளியே வரும்.

நடு நட்டைத் தொடாதீர்கள்!

ஸ்ட்ரட்டின் தலையில் நடுவே ஒரு பெரிய நட்டு உண்டு. அமுங்கிய ஸ்பிரிங்கை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்ததுபோல் பாயும். முகம் சிதையும். உயிரே போகலாம். கயிறோ கம்பியோ கட்டினாலும் அது நிற்காது. வீட்டில் செய்யக் கூடாத வேலை இதுதான்.

கழற்றிய ஸ்ட்ரட்டை அப்படியே பட்டறைக்குக் கொண்டு போங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி அங்கே இருக்கும். புதிய ஷாக்கை அவர்களே பொருத்தித் தருவார்கள்.

மாட்டிய பிறகு

கழற்றிய முறைக்கு நேர் மாறாக மாட்டுங்கள். இரு பக்க ஷாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கார் ஒரு பக்கம் இழுக்கலாம். எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். மெதுவாக ஓட்டிச் சென்று வீல் அலைன்மென்ட் பாருங்கள். இல்லாவிட்டால் டயர் சீக்கிரம் தேயும்.

ஸ்பிரிங் வேலைக்குப் பட்டறையில் கூலி கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். உயிரைவிட அது பெரிதல்ல.