மருந்து வேறு, மயக்கம் வேறு

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் எல்லைப்புறத்து மக்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையாறு ஆகிய சாவடிகளைக் கடந்து பழகியவர்கள் நாம். வண்டியை நிறுத்திப் பைகளைச் சோதிப்பதை அடிக்கடி காண்கிறோம். இடுக்கியின் பெயரே ஒரு கஞ்சா வகைக்கு அடைமொழியாகி, 2013-இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பாகவும் ஆகிவிட்டது. இந்நிலையில் அச்செடியை மருந்தாக்கச் சட்டம் இடந்தர வேண்டும் என்று பேசுபவர் ஐயத்துக்கு ஆளாவார். ஆகவே, இப்பணியில் இறங்க விரும்பும் மாணவர் முதலில் தெளிவு பெறுதல் வேண்டும்.

முதலாவது, சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முற்றிலும் விலக்கிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அதன் 8-ஆம் பிரிவே விலக்களிக்கிறது. பயிரிடவும் பயன்படுத்தவும் அனுமதி வழங்கி முறைப்படுத்தும் அதிகாரத்தை 10-ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தருகிறது. கதவு இருக்கிறது, திறப்பார்தான் இல்லை! ஆகவே நம் கோரிக்கை முதலில் செல்லவேண்டிய இடம் டில்லியன்று, திருவனந்தபுரமே.

இரண்டாவது, அறிவியல். 1964-இல் இஸ்ரேலிய வேதியியலார் மெக்கூலமும் காவோனியும் கஞ்சாவில் மயக்கம் தரும் டி.எச்.சி. என்னும் பொருளின் அமைப்பைக் கண்டறிந்தனர். அதே செடியிலுள்ள சி.பி.டி. அத்தகைய மயக்கம் தருவதில்லை. குழந்தைகளைத் தாக்கும் இரு அரிய வலிப்பு நோய்களுக்குச் சி.பி.டி. மருந்தை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றுக்கொண்டது. புற்றுநோய் மருந்தால் உண்டாகும் குமட்டலுக்கு, ஆய்வகத்தில் செய்யப்பட்ட டி.எச்.சி. அங்கே 1985 முதல் வழங்கப்படுகிறது. தீமைகளையும் மறைத்தலாகாது. இளம் பருவத்தில் தொடர்ந்து புகைப்போருக்கு மனநோய் வரும் வாய்ப்பு மிகுதி. கஞ்சா எல்லா நோயையும் தீர்க்கும் என்று முழங்குபவர் இயக்கத்துக்கு நண்பரல்லர். ஆராய்ச்சி எதுவரை சென்றிருக்கிறதோ, அதுவரைதான் நாமும் பேசவேண்டும்.

மூன்றாவது, முன்னோர் காட்டிய வழி. அபினியிலிருந்து கிடைக்கும் மார்பின் கடும் வலியைத் தணிப்பது. உலகுக்கே அபினி விளைத்துத் தந்த நம் நாட்டில், மருத்துவமனைகள் அம்மருந்தை வாங்கப் பல உரிமங்கள் பெறவேண்டியிருந்தது. நோயாளிகளோ வலியில் துடித்தனர். 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தோழர்களும் நோயாளிகளின் துன்பத்தை எடுத்துரைத்தனர், அதிகாரிகளுடன் வாதாடினர், உச்சநீதிமன்றத்துக்கும் சென்றனர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரே உரிமம் போதும் என்றாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு! அவர்கள் போதைக்காக வாதாடவில்லை, நோயாளிக்காக வாதாடினார்கள். நமக்கு வேண்டிய பாடம் இதுவே.

இனி, செய்யவேண்டியவை. நாலைந்து பேர் கூடிச் சட்டத்தைப் படியுங்கள். வலி தணிப்பு மையத்து மருத்துவரிடம் சென்று, எந்த நோயாளிக்கு எது பயன்படும் என்று கேளுங்கள். பிறகு சட்டமன்ற உறுப்பினருக்கும் நலவாழ்வு அமைச்சருக்கும் விண்ணப்பம் எழுதுங்கள். மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் குறையை எழுதித்தரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு தருகிறது. தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளியும் சித்தூர் உழவரும் தம் வீட்டு நோயாளியின் துன்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பிற நாட்டு நிலையும் துணைக்கு உண்டு. 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டு ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது, ஆதரித்து வாக்களித்த 27 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

ஓர் எச்சரிக்கை. வாதாடுவது குற்றமன்று, கையில் வைத்திருப்பது குற்றம். ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் குறைந்தது பத்தாண்டு. நோயாளி இரங்கிக் கேட்டாலும், கிடைக்கும் இடத்தைக் காட்டாதீர்கள். அது அவரையும் நம்மையும் கெடுக்கும். கூலிக்குப் பொட்டலம் சுமந்து சிறைபுகும் எல்லைப்புறத்து இளைஞரின் கதி நாம் அறியாததன்று. மருந்து மருத்துவர் கையில், கணக்கோடும் கண்காணிப்போடும் இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை. நம் கைகள் தூய்மையாக இருந்தால்தான் அக்கோரிக்கை அரசின் செவியில் ஏறும்.