வண்டி நின்றுவிட்டால்: இழுத்துச் செல்ல ஏற்ற கார் எது?

மேலைநாடுகளில் படுக்கையும் சமையலறையும் கொண்ட கேரவனில் நெடும்பயணம் செல்வோர், அதன் பின்னால் ஒரு சிறிய காரையும் பிணைத்து இழுத்துச் செல்வதுண்டு. கேரவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஊரைச் சுற்றிப்பார்க்க அந்தக் கார் உதவும். பெங்களூரிலிருந்து குடகுக்குக் கேரவனில் புறப்படும் குடும்பத்தினருக்கும் இவ்வெண்ணம் தோன்றலாம். ஆனால் நம் நாட்டுச் சாலை விதிகள் இதற்கு இடமளிப்பதில்லை. பழுதடைந்த வாகனத்தை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்வது போன்ற சில தேவைகளுக்கே இழுவை அனுமதிக்கப்படுகிறது. அப்போதும் இரு வாகனங்களுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஆயினும், எந்தக் காரை இழுத்துச் செல்லலாம் என்பது கார் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வியே. ஓசூர் சாலையில் நெரிசல் வேளையில் கார் நின்றுவிட்டால், உதவ வருபவர் முதலில் எடுப்பது கயிற்றைத்தான். அந்தக் கயிறு எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது.

கையால் கியர் மாற்றும் முன்சக்கர இயக்கக் காரை, நியூட்ரலில் வைத்துச் சிறிது தூரம் இழுப்பதில் பொதுவாகத் தீங்கில்லை. தானியங்கி கியர் கொண்ட காரின் நிலை வேறு. அதன் கியர்பாக்ஸுக்கு எண்ணெயைச் செலுத்தும் பம்ப், பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதே இயங்கும். எஞ்சின் நின்ற நிலையில் சக்கரங்கள் மட்டும் உருண்டால், உள்ளுறுப்புகள் எண்ணெயின்றி உராய்ந்து சூடேறிப் பழுதாகும். மின்சாரக் காரில் மோட்டார் சக்கரங்களுடன் பிணைந்திருப்பதால், உருளும்போது அது மின்னாக்கியாக மாறிச் சேதம் விளைவிக்கக் கூடும். நான்கு சக்கர இயக்கக் காரில் இரு சக்கரங்களை மட்டும் உயர்த்தி இழுப்பதும் ஆபத்தே. இத்தகைய கார்களை, நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு தட்டையான தளமுடைய லாரியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது.

இதில் பணமும் அடங்கியுள்ளது. வழக்கமான காப்பீடு, விபத்து போன்றவற்றால் நேரும் சேதத்தையே ஈடுசெய்கிறது. இயந்திரக் கோளாறும் அதன் தொடர்விளைவான இழப்பும் அதில் சேரா. விபத்துக்குப் பின் வாகனத்தை அப்புறப்படுத்தும் செலவுக்கும், தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில் ரூ.1,500 வரையே உச்சவரம்பு. தவறாக இழுத்ததால் கெட்டுப்போன கியர்பாக்ஸின் செலவை உரிமையாளரே ஏற்க நேரிடலாம். கார் பணிமனையில் கிடந்தாலும் கடனின் மாதத் தவணை நிற்காது.

ஆகவே, கார் வாங்கும் முன் விற்பனையாளரிடம் கையேட்டைக் கேட்டு, இழுவை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். சாலையோர உதவிக்கான கூடுதல் காப்பீட்டில் தளமுடைய லாரி உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைக் கேட்டறியுங்கள். அந்த உதவி எண்ணையும், தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 எண்ணையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். கயிற்றுடன் யாரேனும் உதவ வந்தால், நன்றி கூறி, கையேட்டைப் பார்த்த பின்னரே சம்மதியுங்கள்.