டீசல் காரின் புகை வடிகட்டி அடைபடுதலும் அதன் பரிகாரமும்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய கார்கள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. இதன்பொருட்டு டீசல் கார்களின் புகைப்போக்கில் டி.பி.எப். எனப்படும் வடிகட்டி அமைக்கப்படுகிறது. நாட்றாம்பாளையம், அஞ்செட்டி முதலிய மலைப்பாங்கான கிராமங்களில் இத்தகைய கார் வைத்திருப்போர், இவ்வடிகட்டி அடைபடும் காரணத்தை அறிந்திருத்தல் நலம்.

வடிகட்டியானது தேன்கூடு போன்ற பீங்கான் பொருளால் ஆனது. புகை அதன் நுண்துளைச் சுவர்களின் வழியே வெளியேறும். கரித்துகள் உள்ளே தங்கிவிடும். கால்வாயில் படியும் வண்டலைப் போல, இக்கரியை அவ்வப்போது அகற்றாவிடில் ஓட்டம் தடைப்படும். குறித்த அளவு கரி சேர்ந்ததும், எஞ்சின் சிறிது டீசலை அதிகமாகச் செலுத்தி, வடிகட்டியின் உஷ்ணத்தை ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்தி அதை எரித்துவிடும்.

தோட்டத்திற்கும் பால் சங்கத்திற்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் போதிய சூடு அடைவதில்லை. தொடங்கிய எரிப்பும் பாதியில் நின்றுவிடும். மலைப்பாதை இறக்கத்திலும் புகை குளிர்ந்தே செல்லும். இவையே அடைப்பிற்கு முதற்காரணம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. வடிகட்டி விளக்கு எரிதல்.
2. இழுவை குறைந்து, டீசல் செலவு கூடுதல்.
3. எஞ்சின் எண்ணெயின் மட்டம் உயர்தல். எரியாத டீசல் அதில் கலப்பதே இதற்குக் காரணம். உடனே எண்ணெயை மாற்ற வேண்டும்.

வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்தால், ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை போன்ற பாதையில், மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் சுமார் 20 நிமிஷம் ஓட்டினால் பெரும்பாலும் அது அணைந்துவிடும். காருடன் வந்த கைப்புத்தகம் வேறு முறை கூறினால் அதையே பின்பற்றுக. சந்தைக்கோ தாலுகா ஆபீசுக்கோ செல்லும் நெடும்பயணத்தை இதற்கு அனுகூலமாக்கிக்கொள்ளலாம். விளக்கு அணையாவிடினும், எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலும், மேலும் ஓட்டாமல் பட்டறையில் காட்டுக. அலட்சியம் செய்தால் வடிகட்டியையே மாற்ற நேரிடும், அதற்குப் பெருஞ்செலவாகும்.

அடுப்பில் கரி எரிந்தாலும் சாம்பல் எஞ்சுவது போல, எஞ்சின் எண்ணெயிலிருந்து உண்டாகும் சாம்பலும் வடிகட்டியில் எரியாது தங்கும். ஆகையால் கைப்புத்தகம் குறிப்பிடும், சாம்பல் குறைந்த எண்ணெயையே உபயோகிக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிதல் விதிக்கு மாறானது. அது தடுக்கும் நுண்கரி நுரையீரலுக்கும் கேடு.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. கரி எரியும் வேளையில் புகைப்போக்கு மிகுந்த சூடு கொள்ளும். அச்சமயம் கேழ்வரகுத் தாள், கொள்ளுக் கொடி, உலர்ந்த புல் ஆகியவற்றின்மேல் காரை நிறுத்தினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. சாலையில் கதிர் பரப்பும் வழக்கமுள்ள ஊர்களில், அறுவடைக் காலத்தில் கிராம அலுவலர்கள் இதனை எல்லோருக்கும் அறிவித்தல் வேண்டும்.