ராடு ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஆர்க் வெல்டிங் பழகத் தொடங்குவோருக்கு

சின்ன இன்வெர்ட்டர் மிஷின் ஒன்று வாங்கிவிட்டீர்கள். ராடை இரும்பில் வைத்ததும் ஒரு பொறி பறக்கிறது, அடுத்த நொடி ராடு ஒட்டிக்கொள்கிறது. பிடுங்கி மறுபடி வைத்தால் மறுபடியும் ஒட்டுகிறது. பழகத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் நாள் இப்படித்தான் போகும். கை சரியில்லை என்று மனம் விட வேண்டாம். ராடின் நுனியில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அங்கே என்னதான் நடக்கிறது?

ராடுக்கும் இரும்புக்கும் நடுவே சிறு இடைவெளி. அதில் மின்சாரம் தாவும்போது எழும் ஒளிப்பிழம்புதான் ஆர்க். அந்த இடத்தில் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருக 1,500 டிகிரி அளவே போதும் என்பதால், ராடின் நடுக்கம்பியும் கீழே உள்ள இரும்பும் ஒன்றாக உருகிக் கலக்கின்றன.

கம்பிக்கு மேலே சாம்பல் நிறப் பூச்சு எதற்கு?

உருகிய இரும்பில் காற்று பட்டால் அது ஓட்டை விழுந்து, முறியும் தன்மைக்குப் போய்விடும். பூச்சு எரிந்து புகையாகிக் காற்றைத் தள்ளி வைக்கிறது. மீதி, உருகிய இரும்பின் மேல் மிதந்து ஓடுபோல் இறுகுகிறது. அந்த ஓடுதான் கசடு (ஸ்லாக்). 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பூச்சு ராடை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் பெயரை இன்றும் நம் ஊர் ராடு பாக்கெட்டுகளில் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்த ராடையும் நனைந்த ராடையும் ஏன் ஒதுக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

எந்த ராடு வாங்குவது?

6013 என்று கேளுங்கள். சாதாரண இரும்புக்கு எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பது இதுதான். ஆர்க் எளிதில் பிடிக்கும், கசடு எளிதில் வரும். முதல் இரண்டு இலக்கம், இறுகிய இரும்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. மூன்றாவதாக உள்ள 1, படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் போடலாம் என்பதற்கு. 7018 பலமான ராடுதான். ஆனால் ஈரம் துளியும் ஆகாது, சூட்டு அடுப்பில் உலர்த்தி எடுக்க வேண்டும், ஆர்க் பிடிப்பதும் கடினம். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

எதில் பழகுவது?

எல்லோரும் ஸ்கொயர் பைப்பில்தான் தொடங்குகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். 16 கேஜ் பைப்பின் கனம் 1.6 மி.மீ.தான்; கை ஒரு கணம் நின்றால் ஓட்டை விழும். பழைய இரும்புக் கடையில் 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள பட்டைத் துண்டுகள் வாங்குங்கள். துருவையும் பெயின்ட்டையும் கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்துவிடுங்கள். ராடு 2.5 மி.மீ. போதும்.

கண்ணுக்கு என்ன பாதுகாப்பு?

மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். நாம் போடும் மின்னளவுக்கு 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய ஷீல்டு (முகக் கவசம்) வேண்டும். கூலிங் கிளாஸ் போதவே போதாது. ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒரே ஒரு டேக்’ (சிறு புள்ளி வெல்டிங்) வைக்கும் பழக்கமும் கூடாது. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பை வெந்துபோகச் செய்யும். அப்போது எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் கரிக்கும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது.

அப்படி ஆனால்? பட்டறைகளில் தாய்ப்பால் விடச் சொல்வார்கள், உருளைக்கிழங்கு வைக்கச் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக ஆறும்; ஆனாலும் கண் மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், புண் ஆறுவதை அது தடுக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் கண்ணை அடிக்கும்.

உடைக்கும் அதே கவனம் வேண்டும். லுங்கி, பாலியஸ்டர் சட்டை, ரப்பர் செருப்பு மூன்றும் ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. பேன்ட் கால் நுனியை மடித்து விடாதீர்கள், தீப்பொறி போய் உட்காரும் இடம் அது. வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றினால் ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. மாற்று ஜோடி ஒன்று காய்ந்ததாகப் பக்கத்தில் இருக்கட்டும். ஈரத் தரையில் நின்று வேலையே செய்யக்கூடாது.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

2.5 ராடு ஓட்டுவதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட், சரியான எர்த், கனமான ஒயர் இருந்தால் தாங்கும். செல்போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக்கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் மெலிதாகவோ, சுருட்டியபடியோ இருந்தால் சூடாகி உருகும்.

கரண்ட் எவ்வளவு வைப்பது?

ராடு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 2.5 ராடுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியர், 3.15 ராடுக்கு 90 முதல் 130. கனமான பட்டையில் 2.5 என்றால் 80இல் தொடங்குங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பயந்து குறைத்து வைப்பதே வழக்கம். ராடு ஒட்டுவதற்கு முதல் காரணமும் அந்தப் பயம்தான்.

கூட்டியும் ஒட்டுகிறதே?

எர்த் கிளாம்பைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பெயின்ட் மேலேயோ துரு மேலேயோ கவ்வியிருந்தால் மின்சாரம் சரியாகச் சுற்றி வராது. வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்தில், தேய்த்த இரும்பில் கவ்வ விடுங்கள். அடுத்து, பாதி எரிந்த ராடின் நுனி. அதைக் கசடு மூடியிருக்கும். தரையில் லேசாகத் தட்டிக் கம்பி தெரிந்த பிறகு வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டும் ஒரு காரணம்.

ஆர்க்கை எப்படிப் பிடிப்பது?

நேராகக் குத்தாதீர்கள். நுனியை இரும்பின் மேல் ஓர் அங்குல தூரம் லேசாக உரசி, பொறி வந்த கணத்தில் சற்றே தூக்குங்கள். ஆர்க் எரியத் தொடங்கியதும் கம்பியின் கனம் அளவுக்கு, அதாவது 2.5 மி.மீ. உயரத்துக்கு, இறக்குங்கள். அதிகம் தூக்கினால் அணையும், குறைந்தால் ஒட்டும்.

ஒட்டிவிட்டால்? ஷீல்டை இறக்கியபடியே மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருகி எடுங்கள். வராவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். ஷீல்டைத் தூக்கிக்கொண்டு பிடுங்காதீர்கள், விடுபடும் நேரத்தில் ஆர்க் அடிக்கும்.

இனி கையை எப்படி நகர்த்துவது?

வலக்கைக்காரர் என்றால் இடமிருந்து வலமாக இழுங்கள். ராடின் மேல்பகுதி நீங்கள் போகும் திசைக்குச் சாய்ந்திருக்கட்டும், 10 முதல் 15 டிகிரி. தள்ளினால் கசடு முன்னால் ஓடி உள்ளே மாட்டும். பலர் தவறவிடுவது இன்னொன்று: எரிய எரிய ராடு குட்டையாகிறது. அதனால் கை பக்கவாட்டில் போகும்போதே கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குக் காதுதான் துணை. உயரம் சரியாக இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் விடாமல் படபடக்கும். உயரம் கூடினால் சத்தம் ‘புஸ்’ஸென்று மாறி, துளிகள் சிதறும்.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளை ஒளியை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். அங்கே 5 மி.மீ. அகலத்தில் உருகிய இரும்பு தேங்கி நிற்கும். இரும்பு பளபளவென்று நீர்த்திருக்கும். அதன் பின்விளிம்பில் கொஞ்சம் மங்கலாக, தடிப்பாக ஊர்ந்து வருவது கசடு. இந்த இரண்டையும் கண் பிரித்துப் பார்க்கும் நாளில் வெல்டிங் பிடிபட்டுவிடும். அதுவரை கை எவ்வளவு நேராகப் போனாலும் அது குருட்டு ஓட்டம்தான். தேக்கத்தின் அகலம் ராடு கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனதும் நகருங்கள். அதே அகலத்தை விடாமல் கொண்டுபோங்கள். கசடு முன்னால் வந்து இரும்பை மூடினால் கரண்ட் குறைவு, அல்லது சாய்வு தவறு, அல்லது நீங்கள் மிக மெதுவாகப் போகிறீர்கள்.

போட்ட ரன் (ஒரே இழுப்பில் போட்ட வெல்டிங் கோடு) நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சிவப்பு முழுக்க அடங்கட்டும். சாதா வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிப்பிங் சுத்தியால் தட்டுங்கள். சூடான கசடு கண்ணை நோக்கித்தான் தெறிக்கும். சரியான ரன்னில் கசடு பட்டையாகப் பெயர்ந்து வரும், சில சமயம் தானாகவே சுருண்டு விழும். வயர் பிரஷ் போட்டுப் பாருங்கள். நெருக்கமான வளைகோடுகள் தெரிந்தால் நல்ல ரன். கயிறுபோல் ஒடுங்கி மேலே உட்கார்ந்திருந்தால் கரண்ட் போதவில்லை. கோடுகள் கூர்மையாக நீண்டிருந்தால் வேகம் அதிகம். இரு ஓரமும் அரிக்கப்பட்டு வாய்க்கால் விழுந்திருந்தால் (அண்டர்கட்) கரண்ட் அதிகம், அல்லது ஆர்க் உயரம் அதிகம். ஊசித் துளைகள் துருவையோ ஈரத்தையோ காட்டும். ஒவ்வொரு ரன்னுக்குப் பக்கத்திலும் ஆம்பியரைச் சாக்பீஸால் எழுதிவையுங்கள். ஒரே பட்டை உங்களுக்குப் பாடமாக அமையும்.

வெளியே அழகாக இருந்தால் உள்ளேயும் பிடித்திருக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது, இதுதான் வெல்டிங்கின் ஆபத்து. எனவே உடைத்துப் பாருங்கள். ஒரு பட்டையின் நடுவில் இன்னொன்றை நிமிர்த்தி வைத்து, இரு முனையிலும் டேக் அடித்து, ஒரே ஒரு பக்கம் மட்டும் 45 டிகிரியில் ரன் போடுங்கள். ஆறிய பிறகு, ரன் போட்ட பக்கம் நோக்கிப் பட்டை மடியும்படி சம்மட்டியால் அடியுங்கள். முறிந்த வாயில் மூலைவரை இரும்பு உருகிச் சேர்ந்திருந்தால் சரி. மூலையில் பட்டையின் பழைய விளிம்பு அப்படியே கோடாகத் தெரிந்தாலோ, கறுப்புக் கசடு மாட்டியிருந்தாலோ, அது ஒட்ட வைத்ததே தவிர உருக்கிச் சேர்த்தது ஆகாது. கரண்டைக் கூட்டி மறுபடி போடுங்கள். முறியாமல் மடிந்து படுத்துவிட்டால் நல்ல வேலை.

எவற்றைத் தொடக்கூடாது?

பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த டேங்கையும் டிரம்மையும் தொடவே கூடாது. கழுவிக் காயவைத்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. பூச்சைத் தேய்த்து எடுத்து, காற்றோட்டமான இடத்தில், புகைக்கு முகத்தைக் கொடுக்காமல் போடுங்கள். பைக்கில் வெல்டிங் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

எப்போது கேட் செய்யலாம்?

உடைத்துப் பார்க்கும் சோதனையில் மூலைவரை சேர்வது வழக்கமாகிவிட்டால், பூத்தொட்டி ஸ்டாண்டு, ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் செய்யலாம். பைப்புக்கு வரும்போது கரண்டை 50, 60க்கு இறக்கி, நீண்ட ரன் இழுக்காமல் சிறு சிறு டேக்காக, ஆற விட்டு வையுங்கள். ஏணி, மாடிப்படி, ஊஞ்சல் கொக்கி, வண்டி சேசிஸ் இவற்றில் ஆள் உயிர் தொங்குகிறது. தேர்ந்த வெல்டரிடம் கொடுங்கள்.

தொழிலாகவே எடுக்க நினைத்தால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாய்லர், அழுத்தக் குழாய் போன்ற உயர்நிலை வேலைகளுக்கான பயிற்சி, திருச்சி பெல் நிறுவனத்தில் 1975இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டு.